பொறுப்பாளர்: கேம்பா

எனக்கு டீ நன்றாகப் போட வரும். ரோங்காய் ஊரில் என் சலூனுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் டீக்காகத்தான் தலையைக் கொடுக்கிறார்கள் என்று என் மனைவி நசிமியு கேலி செய்வாள்.

அவளுக்குச் சாலை போடும் கம்பெனியில் வேலை. திட்ட மேலாளர் தேர்வில் தேறினால் தார் எஸ் சலாம் நகரத்தில் மூன்று வருடம் பெரிய பதவி. அவள் மட்டும் போக வேண்டும். எனக்குச் சந்தோஷம்தான். ஆறு மாதம், தினமும் காலையில் நான்தான் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டேன்.

"வேலையில சிக்கல் வந்தா மேலாளர் முதல்ல என்ன செய்யணும்?"

"மேலிடத்துல சொல்லணும்."

"அட போடி. முதல்ல எவ்வளவு பாதிப்புன்னு பாக்கணும்."

"பேசாம நீயே எழுதேன். முடி வெட்டுற நேரத்துல பாலமாவது கட்டலாம்," என்று சிரிப்பாள்.

தேர்வை வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம். கேமரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். சத்தம் கேட்டாலோ, அறைக்குள் இன்னொரு ஆள் வந்தாலோ அத்தோடு தேர்வு ரத்து. வருடத்துக்கு மூன்று முறைதான் எழுதலாம். அதனால் நசிமியு, படித்த பாடத்தின்படியே ஓர் ஆபத்துப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினாள். மின்சாரம் போவது, அக்கம்பக்கத்துச் சத்தம், திடீர் விருந்தாளி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் என் பெயர். பார்க்கவே பெருமையாக இருந்தது.

முதல் முறை மின்சாரம் போயிற்று. மெயின் ஸ்விட்ச் வாசல் சுவரில், என் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.

இரண்டாம் முறை, அவளுக்காக ஜெபிக்கும்படி பக்கத்து வீட்டு ஒகுமுவிடம் கேட்டிருந்தேன். நல்ல மனுஷன், பாடகர் குழுவையே கூட்டி வந்துவிட்டார். மேளத்தையும் எடுத்து வாருங்கள் என்று சொன்னது மட்டும் நான்.

மூன்றாம் முறை, பாவம், தொண்டை வறண்டிருக்குமே என்று டீ கொண்டுபோனேன். கேமராவைப் பார்த்து வணக்கமும் சொன்னேன். மரியாதை முக்கியம்.

நசிமியு திட்டவே இல்லை. "பாசத்துல செஞ்சுட்டே, விடு," என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நெஞ்சு உருகிப்போயிற்று. இப்படிச் சாய்வதற்குத் தார் எஸ் சலாமில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அந்தப் பதவி வேறு யாருக்கோ போனது.

ஒரு வாரம் கழித்து, எங்கே தவறியது என்று ஆராய உட்கார்ந்தாள். அதுவும் பாடத்தில் உள்ளதுதான்.

"எங்க தப்புப் பண்ணினோம், கேம்பா?"

"உனக்குப் பதட்டம் ஜாஸ்தி கண்ணு. வேற ஒண்ணும் இல்ல."

கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். ஆபத்துகளின் வரிசையில் கடைசியாக 'நசிமியு' என்று எழுதினாள். எதிரே, பொறுப்பாளர் இடத்தில், என் பெயர்.

"அடுத்த வருஷமும் என்னைப் பாத்துக்குவியா?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொன்ன சொல்லை மீறுகிற ஆள் இல்லை நான்.