கெழவனோட மூக்கு

மாமா: கெழவா, நல்லாக் கேட்டுக்கோ. உன்னைத் தொடுறவங்க முதல்ல கையைத் தொடைக்கணும்னு சொல்லிரு.

மெக்கானிக்: அக்கா, மாமா யார்கிட்ட பேசுறாரு?

அக்கா: வண்டிகிட்டடா தம்பி. உன்கிட்டதான் அவரு பேசுறதில்லையே.

மெக்கானிக்: அப்ப சரி. ஏ கெழவா, உனக்கு என்ன பண்ணுதாம்? உன்னை ஓட்டிட்டு வந்தவர்கிட்ட கேட்டுச் சொல்லு.

மாமா: கரும்புகை வருது, பெட்ரோலைக் குடம் குடமாக் குடிக்குது, மேடு வந்தா முக்குதுன்னு சொல்லு கெழவா.

அக்கா: நல்லா இருக்கு கூத்து! நடுவுல இந்தத் தகரம் வாயைத் தொறந்து பதில் சொல்லப் போகுதாக்கும்.

மாமா: தகரமா? நீயும் உன் தம்பி மாதிரி ஆரம்பிச்சிட்டியா?

மெக்கானிக்: நான் எங்க தகரம்னு சொன்னேன்? பழைய பிக்கப்பு, எடைக்குப் போட்டுருங்கன்னுதான்... உன்கிட்டதான் சொல்றேன் கெழவா.

மாமா: பாத்தியா, மறுபடியும்! கெழவா, அன்னைக்கு அதைக் கேட்டு மனசு ஒடிஞ்சு போய் ஒரு வாரம் நீ ஸ்டார்ட்டே ஆகலியே...

அக்கா: அது பேட்டரி போனதுங்க. இதோ பாருங்க ரெண்டு பேரும். நாளைக்கு இரும்புக்காரரு வர்றாரு. இன்னைக்குப் புகை நிக்கலேன்னா, கெழவனைத் தூக்கிட்டுப் போகட்டும்.

மெக்கானிக்: நாளைக்கேவா!

மாமா: நாளைக்கேவா!

அக்கா: அட, ஒத்துமையைப் பாரேன்.

மெக்கானிக்: நீ உள்ள ஏறுக்கா. நான் அடியில படுக்கப் போறேன். கிளப்புறதுக்கு முன்னாடி ஒரு ஹாரன் அடி.

அக்கா: ...சத்தமே வரலடா.

மாமா: நேத்து வரைக்கும் ஊரையே எழுப்புச்சே!

மெக்கானிக்: சரி, அதை அப்புறம் பாப்போம். ஸ்டியரிங்குக்கு முன்னாடி, எஞ்சின்ல கோளாறுன்னா எரியுற மஞ்ச லைட் எரியுதா?

அக்கா: எங்கேருந்து தெரியும்? அதுமேல பிளாஸ்திரி ஒட்டியிருக்கு.

மெக்கானிக்: பிளாஸ்திரியா?

அக்கா: காயத்துக்குப் போடுறதுதான். உங்க மாமா வேலை.

மாமா: வயசானவனைப் பாத்து எந்நேரமும் குத்தம் சொல்லிட்டே இருந்துச்சு அந்த லைட்டு.

மெக்கானிக்: ம்... சரி கெழவா, உன் மூக்கைக் காட்டு.

அக்கா: வண்டிக்கு ஏதுடா மூக்கு?

மெக்கானிக்: ஆக்ஸிஜன் சென்சாருக்கா. சைலன்சர் குழாய்ல திருகியிருக்கும். போற புகையை மோந்து பாத்து, பெட்ரோல் கூட்டு, குறைன்னு எஞ்சினுக்குச் சொல்லும். மூக்கு போச்சுன்னா எஞ்சின் கண்டபடி குடிக்கும்... அடடா. மூக்கோட ஒயரு கழண்டு தொங்குதே.

மாமா: ஆட்டத்துல கழண்டிருக்கும்னு சொல்லு கெழவா.

மெக்கானிக்: ஆட்டத்துல கழலாது. அமுக்கிப் பிடிச்சு இழுத்தாத்தான் வரும். சுத்திலும் சேறு காஞ்சிருக்கு, கிளிப்புல மட்டும் ரெண்டு விரல் தடம் பளிச்சுன்னு இருக்கு.

மாமா: எலியா இருக்கும்.

அக்கா: கை வச்ச எலிங்களா?

மெக்கானிக்: சரி விடு, மாட்டியாச்சு. மீட்டர் வச்சிருக்கேன். வண்டியைக் கிளப்பி லேசா மிதிக்கா. மூக்கு நல்லா இருந்தா முள்ளு தவளை மாதிரி குதிக்கணும்...

அக்கா: குதிக்குதா?

மெக்கானிக்: குப்புறப் படுத்துக் கெடக்கு. சென்சார் செத்துப் போச்சு.

மாமா: அதெப்படி சாகும்! ஒயரை மட்டும்தானே புடுங்கினேன்! மச்சான், நல்லாப் பாருடா!

அக்கா: ஏங்க...

மெக்கானிக்: மாமா... இப்ப யார்கிட்ட பேசினீங்க?

மாமா: ...வண்டிகிட்ட.

மெக்கானிக்: வண்டி உங்களுக்கு மச்சானா?

மாமா: பின்ன என்னடா பண்றது! சும்மா வந்து நின்னா என் மரியாதை என்ன ஆகுறது? லைட் எரிஞ்சதுக்கெல்லாம் ஓடி வந்தா, தேடி வந்துட்டேன்னு நினைப்பே. அதான் பிளாஸ்திரி. புகையோட வந்தாத்தான் கௌரவம். புகை பத்தலைன்னு ஒயரைப் புடுங்கினேன். நாளைக்கு இவனைத் தூக்கிட்டுப் போயிட்டா... எதை ஓட்டிட்டு நான் இங்க வருவேன்?

மெக்கானிக்: மூக்கைச் சிந்தாதீங்க மாமா. புது சென்சார் இருக்கு.

மாமா: அதுக்குள்ள எப்படிடா?

மெக்கானிக்: போன தடவை நீங்க வந்தப்பவே வாங்கி வச்சது. அன்னைக்கு உங்க வண்டியில மாட்டினது... கழிச்சுக் கட்டின டப்பாவுல கெடந்த செத்த சென்சார்.

மாமா: அடப்பாவி! தெரிஞ்சேவா?

மெக்கானிக்: நல்லதை மாட்டினா நீங்க திரும்ப எப்ப வருவீங்க? மறுநாளே மஞ்ச லைட் எரியும், வந்துருவீங்கன்னு வாசலையே பாத்துட்டு இருந்தேன். பிளாஸ்திரி ஒட்டுவீங்கன்னு கண்டேனா!

மாமா: செத்த மூக்குக்காடா நான் அடியில புரண்டு ஒயர் புடுங்கினேன்? சட்டையெல்லாம் கிரீஸு!

மெக்கானிக்: தள்ளுங்க, புதுசை மாட்டுறேன். அக்கா, இரும்புக்காரரை வர வேணாம்னு சொல்லிரு.

அக்கா: நான் வரச் சொல்லியிருந்தாத்தானே வேணாம்னு சொல்றதுக்கு.

மாமா: என்னது?

அக்கா: அது கெடக்கட்டுங்க. தம்பி, ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு பச்சை ஒயரு போகுதே, அது எதுக்குடா?

மெக்கானிக்: அதுவா? ஹாரனுக்கு. ஏன்க்கா?

அக்கா: ஒண்ணுமில்லடா... வண்டி நின்னுபோனா உன்கிட்டதான் வந்தாகணும்னு, காலையில அதைப் புடுங்கி விட்டேன். அதான் நிக்காமலே வந்து சேந்துச்சா!