கல்வரிசையில் கூவிய ஆலா

தலைமையேற்றிருக்கும் அம்மையார் செங்கொடி அவர்களே, அலையோடு மல்லுக்கட்டி மூத்த பெரியவர்களே, மீன்கூடையை இறக்கிய கையோடு வந்து மணலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ராயபுரத்தில் ஒலிபெருக்கி விற்கும் எபினேசரின் பணிவான வணக்கம்.

இந்தப் பொத்தானை அழுத்தி, திருவொற்றியூரின் அலைதடுப்புக் கல்வரிசையில் கலைஞர் ஜெரினாவின் மின்னணுப் பறவையை நிரந்தரமாகக் கூவவைக்க என்னை அழைத்தீர்கள். என்ன கலை அது! பதிவு செய்த குரலா? இல்லை. பிடித்துவந்த பறவையா? இல்லை. ஒரு பெட்டிக்குள் கம்பியும் சில்லும் கொண்டு, ஆலா என்னும் கடற்பறவைக் கூட்டத்தின் குரலையே பிறப்பித்துவிட்டார். என் கடைச் சரக்கும் அதில் இருப்பது எனக்குப் பெருமைதான்.

ஆனால், நேற்று விடியலில் சோதனைக்காகக் கூவவிட்டோம். கடலெல்லாம் பனிமூட்டம். ஆலாக்கள் கூடிக் கத்தினால் கீழே மீன்கூட்டம் என்பது இந்தக் கரையின் கணக்கு. அதோ, ஓரமாய் நிற்கிறாரே பாஸ்கல், அவர் படகைத் தள்ளிக்கொண்டு குரலை நோக்கிப் போனார். குரல் இருந்ததோ கல்லில்! மோதிய வேகத்தில் படகின் முகப்பு பிளந்தது.

ஓடிப்போய்க் கரையேற்றினோம். ஜெரினா அழுதுவிட்டார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். பாஸ்கல் சொன்னார்: "படகு கெடக்குது நைனா, ஒட்டிக்கலாம். மீனு திரும்பி வந்துகீதுன்னு நெனச்சிட்டேன்பா. கூடைய கழுவி வெய்யின்னு வூட்ல வேற சொல்ட்டு வந்தேன்."

அவையோரே! ஆற்று முகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தபோது எங்கே இருந்தோம்? அலைமேல் எண்ணெய் மிதந்தபோது எங்கே இருந்தோம்? ஆலாக்கள் ஒவ்வொன்றாய் அகன்றபோது, அந்த அமைதி நம்மில் ஒருவர் காதிலாவது விழுந்ததா? பெட்டி அருமையாகக் கூவியது. அது சொன்ன சேதி பொய்யாய்ப் போனதே! அதற்கு ஜெரினாவா பொறுப்பு?

என்ன சொல்கிறார் அங்கே ஒருவர்? "இன்னா நைனா, உன் யாவாரம் படுத்துக்குமே!" படுக்கட்டும் அண்ணே, காலையில் எழுப்பிக்கொள்கிறேன்!

இந்தப் பொத்தானை நான் அழுத்தப்போவதில்லை. பெட்டி அரங்கத்துக்குள் கூவட்டும், ஆயிரம் பேர் கேட்கட்டும்; கடலைப் பார்த்து வேண்டாம். ஜெரினாவும் சம்மதித்துவிட்டார். என்றைக்காவது நிஜ ஆலாக்கள் வந்து கத்தும்போது, "பெட்டிதானே கத்துது" என்று பாஸ்கல் புரண்டு படுத்துவிடக் கூடாது.

கூடையைக் கழுவி வைத்துக் காத்திருந்த பாஸ்கல் வீட்டுத் தங்கைக்கு என் வருத்தம். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி; எல்லோருக்கும் வணக்கம்.