எவன் ஒடனே அனுப்புவான்?

— வூடு குடுக்கிறவன் ஒருத்தன், லீவு குடுக்கிறவன் ஒருத்தன். இதுல எவன் நல்லவன்னு நான் சொல்லணுமா? முந்திரிக்கொட்டைய வெயில்ல பரப்பிட்டு நிக்கிறவகிட்ட வந்து ஏரோப்ளேன் கம்பெனி நியாயம் கேக்குறியேடா பூவரசா.

— உங்கிட்ட கேக்காம யார்கிட்டக்கா கேக்குறது? நர்மதா வளைகுடா கம்பெனிதான்னு ஒத்தக்கால்ல நிக்குறா. பாப்பாவோட ஸ்கூல் பீஸ அவனே கட்டிடுறான்ல.

— பொண்டாட்டின்னா புள்ளையத்தான் பாப்பா. அதுல தப்பில்ல. சரி, மொதல்லேர்ந்து சொல்லு. உன் காலத் தூக்கு, கொட்டைய மிதிக்கிற.

— அதாவது, வளைகுடாக்காரன்கிட்ட வரியே கெடையாது. வீடு, கரண்டு, பாப்பா படிப்பு எல்லாம் அவன் செலவு. ஏர்போர்ட் போக வாசலுக்கே கார் வரும். கிழக்க ஒரு கம்பெனி கூப்புடுறான் பாரு, அவன் சொல்ற சம்பளம் என்னமோ பெருசுதான். ஆனா வரி புடிச்சிடுவான், வீடும் நாமதான் பாத்துக்கணும்.

— அப்புறம் எதுக்கு அவன்?

— மூணு வாரம் ஓட்டுனா ஒரு வாரம் முழுசா ஊருக்கு அனுப்பிடுவான். டிக்கெட்டும் அவனே போட்டுடுவான்.

— இப்ப இருக்கியே, நம்ம நாட்டுக் கம்பெனி, அவனுக்கு என்ன கொறச்சல்?

— சம்பளந்தான் கொறச்சல். ஆனா அங்க நான் கேப்டன். வெளிய எங்க போனாலும் மறுபடியும் துணை பைலட்டா பக்கத்துச் சீட்டுதான், வரிசையில கடைசி ஆளு. பொங்கலுக்கு லீவு கேட்டாக்கூட, எனக்கு முன்னாடி சேந்தவன் எல்லாம் எடுத்தது போக மிச்சந்தான் நமக்கு.

— முடி நரைக்கிற வயசுல மறுபடியும் கடைசி பெஞ்சா? என்னமோ போ. கண்ணு ரெண்டும் உள்ள போயிக் கெடக்கு, தூங்குறியா இல்லியா?

— எங்கக்கா தூங்குறது? ராத்திரி ராத்திரியா ஓட்டுறேன். பகல்ல ஓட்டல் ரூம்ல தெரையை இழுத்துவுட்டுப் படுத்தா, கண்ணு சொருகுற நேரத்துக்குப் போன் அடிச்சு எழுப்புவான். எந்த ஊர்ல முழிச்சிருக்கேன்னே செத்த நேரம் புரியாது. அதுல மட்டும் எல்லா கம்பெனியும் ஒண்ணுதான்.

— ஜெயங்கொண்டம் பஸ்ல ஏறுனா, பைலட்டு பூவரசன் அக்கா பூங்குழலிதான நீங்கன்னு எந்திரிச்சு எடம் குடுக்குறாங்கடா. அவங்களுக்கு என்ன தெரியும் உன் பொழப்பு.

— சம்பளத்த வுடுக்கா. எனக்கு ஒரே கேள்விதான். அப்பாவுக்கு ஒண்ணுன்னா எவன் ஒடனே அனுப்புவான்? அத வெச்சுதான் முடிவு பண்ணப் போறேன்.

— அத அவங்ககிட்டயே கேக்க வேண்டியதுதான?

— கேட்டேன். இன்டர்வியூ முடியறப்ப, ஏதாச்சும் கேக்கணுமான்னாங்க. அப்பா செத்தா எவ்வளவு நேரத்துல என்னைய வுடுவீங்கன்னு கேட்டுட்டேன். வளைகுடாக்காரன், துக்க லீவு உண்டு, ஆனா உன் எடத்துக்கு வேற பைலட்டு கெடைச்ச பின்னாடிதான்னு சொல்லிட்டான். கிழக்குக் கம்பெனியில இருந்த அம்மா மட்டும், உங்க அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குன்னு கேட்டுச்சு.

— நீ என்ன சொன்ன?

— திருச்சி டாக்டர் சொன்னதச் சொன்னேன். இதயம் பாதிகூட வேல செய்யல, எப்ப வேணா என்ன வேணா ஆகலாம்னு.

— யாரோ ஒரு அம்மாகிட்ட சொல்லத் தெரிஞ்சுது. அப்பாகிட்ட ஒக்காந்து பேசுனியா?

— எங்கக்கா பேசுறது? நான் உள்ள போனா அவரு தோப்புக்குக் கெளம்பிடுறாரு. அம்மா செத்ததுலேர்ந்து என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கிறாரு. நான் என்ன வேணும்னா வராம இருந்தேன்?

— வேணும்னு யாருடா சொன்னா? ஆனா அம்மா போன அன்னிக்கு டெல்லியில நின்னுக்கிட்டு, மத்தவங்க மாதிரி காசு குடுத்து ஒரு டிக்கெட்டு வாங்கியிருக்கலாம்ல.

— எங்க ஆளுங்க யாரும் டிக்கெட்டு வாங்கிப் பழக்கமே இல்லக்கா. ஸ்டாஃப்ங்கிறதால சும்மா போயி நிப்போம், சீட்டு காலியா இருந்தா ஏறிக்குவோம். இல்லன்னா தெரிஞ்ச கேப்டன் காக்பிட்ல ஒக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போவாரு. வருசக்கணக்கா அப்படியே பழகிட்டு, வாங்கணும்னு தோணவே இல்ல. அன்னிக்குப் பாத்து முகூர்த்த நாளு, போன ப்ளைட்டு எல்லாம் ஃபுல்லு. அடுத்தது, அடுத்ததுன்னு நின்னுட்டேன். சரி வாங்கிடலாம்னு போனப்ப மறுநாள் வரைக்கும் எதுலயும் எடமில்ல.

— இங்க பந்தல்ல, பைலட்டுக்கே ஏரோப்ளேன்ல எடமில்லியாம்னு சிரிச்சாங்கடா. அதக்கூட அப்பா பொறுத்துக்கிட்டாரு. பெரியப்பா மவன் வீரமணியோட வரப்புத் தகராறுல எத்தன வருசமா மொகம் பாக்கல? அவன் வாசல்ல போயி நின்னு, என் பொண்டாட்டிக்குக் கொள்ளி வைக்க ஆளில்ல, நீதான் வரணும்னு கும்புட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்கு வயிறு எரிஞ்சுது.

— தெரியும்க்கா. அந்த எரிச்சல் எனக்கும்தான் இன்னும் ஆறல. அதனாலதான் முடிவே பண்ணிட்டேன். கையில வர்றது கம்மியா இருந்தாலும் பரவால்ல, கிழக்குக் கம்பெனிக்கே போறேன். நர்மதா சண்ட போட்டா போடட்டும். மாசத்துல ஒரு வாரம் இங்க அப்பாவோடவே இருப்பேன். மத்த நாள்ல எதாச்சும்னாலும் மொத ப்ளைட்லயே ஏத்திவுடுறேன்னு அந்தம்மா சொல்லியிருக்கு. நீயே அப்பாகிட்ட சொல்லு, இந்தத் தடவ நான் கண்டிப்பா வந்துடுவேன்னு.

— நர்மதா சொல்ற கம்பெனியிலயே சேந்துக்கடா தம்பி. பாப்பா படிக்கட்டும்.

— இவ்வளவு சொல்லியும் அதையே சொல்றியேக்கா. ஏன்? கொட்டையக் கெளர்றத வுட்டுட்டு என்னையப் பாத்துச் சொல்லு.

— போன மாசம் அப்பா பங்காளிங்க எல்லாரையும் கூப்புட்டு ஒக்கார வெச்சாருடா. பொம்பளையச் சுடுகாட்டுக்கு அனுப்புறதான்னு வீரமணிகூட எகிறுனான். அவரு அசையல. எனக்கு எம்பொண்ணு கொள்ளி வைப்பா, பூவரசனுக்குச் சொல்லிவுட வேணாம்னுட்டாரு. நானும் அவரு கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்.