வாக்குக் கேட்டவரே வாக்கும் காத்தார்: இந்திராதேவி ஆசிரியைக்கு

ஓல்னே-சூ-புவாவில் ரயில் ஏறி, கார் து நோர் நிலையத்தில் இறங்கி, மழையென்றும் பனியென்றும் வேலைநிறுத்தமென்றும் பாராமல் இருபத்தேழு ஆண்டுகள் எம் மாலைப் பாடநிலையத்துக்கு வந்துசேர்ந்த ஏந்தலே! ஆயிரம் ஆண்டுப் பழமையான ஆங்கில வீரப் பாடல்களை பாரிஸ் லா சப்பலின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அலுக்காமல் அள்ளித் தந்த ஆசானே! அதட்டலில் அரிமாவே, அன்பில் அன்னையே, இந்திராதேவி அம்மையே! இன்று விடைபெறும் தங்களுக்குத் தங்கள் தோழர்களின் வணக்கம்.

தங்கள் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியபோது சிரிக்காதவர் இல்லை. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கப்போன எங்கள் பிள்ளைகள் பழைய ஆங்கிலப் பாடத்தில் திக்குமுக்காடிய காலம் அது. "ரீச்சர், உந்தப் பழைய வெள்ளைக்காரன்ரை சண்டைப் பாட்டு எங்கடை பிள்ளையளுக்கு என்னத்துக்கு?" என்று நிர்வாகி மார்க்கண்டு அவர்களே கேட்டார். "ஒருக்கா வந்து இருந்து கேளுங்கோவன்" என்றீர்கள். வந்தார், தேநீர் ஆறியதும் தெரியாமல் இருந்து கேட்டார். தலைவன் மண்டபத்தில் விருந்து வைப்பான். வாளும் மோதிரமும் வழங்குவான். மதுக்கிண்ணம் ஏந்திய வீரன் எழுந்து, நாளை களத்தில் இதைச் செய்வேன் என்று எல்லோரும் கேட்கச் சொல்லுவான். சொன்னால் சொன்னதுதான். தலைவன் விழுந்த களத்தை விட்டு உயிரோடு வீடு திரும்புவதைப் போல் ஒரு கேவலம் அவனுக்கு இல்லை. தாங்கள் இதைச் சொல்லும்போது, எதற்கும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

பாட்டோடு விட்டீர்களா? இல்லையே! ஒவ்வொரு செப்டெம்பரிலும் பாடநிலையம் திறக்கும் நாளில் எங்களையும் தேநீர்க் கோப்பையோடு எழுப்பி நிறுத்தி, இந்த ஆண்டு என்ன செய்வோம் என்று சபையறியச் சொல்லவைத்தீர்கள். இனிப் பிந்தி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சுபாங்கி ஆசிரியை பட்ட பாடு அவருக்கும் மெத்ரோவுக்கும்தான் தெரியும்.

வன்னியிலிருந்து வந்து சேர்ந்து, சிறுவர்களுக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்த உதயன், அப்படியொரு நாளில் எல்லோரையும் மிஞ்ச நினைத்தார். கோப்பையை உயர்த்தி, "ரீச்சர் இஞ்சை இருக்கும் மட்டும் நான் இந்த இடத்தை விட்டுப் போகமாட்டன்!" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஐந்தே மாதத்தில் போய்விட்டார். வதிவிட அட்டையைப் புதுப்பிக்க முழுநேர வேலை ஒப்பந்தம் வேண்டியிருந்தது. இங்கே அவருக்கு இருந்ததோ வாரத்துக்கு எட்டு மணித்தியாலம். வேறோரிடத்தில் ஒப்பந்தம் தருவதாகச் சொன்னார்கள். சொல்லிக்கொண்டு போக முகமில்லாமல், பாடநிலையக் கதவுத் திறப்பைக் கடித உறையில் போட்டுக் கதவின் கீழால் தள்ளிவிட்டுப் போனார்.

அதன்பின் உதயன் லா சப்பல் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கறிவேப்பிலைகூடத் தாம் குடியிருந்த திரான்சியில் கிடைத்தால்தான் உண்டு. தங்கள் வகுப்பில் இருந்து படித்த பாட்டு அவரைச் சும்மா விடவில்லை. ஓடிப்போனவனுக்கு அந்தப் பாட்டுகளில் வசை உண்டு, மன்னிப்பு இல்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். போன இடத்திலோ ஒப்பந்தம் இன்று வரும், நாளை வரும் என்று இழுத்தடித்தார்கள். அட்டை முடிய ஆறு வாரம் இருந்தது. "ரீச்சரிட்டைக் கேட்டுப் பாருங்கோவன்" என்றார் மனைவி யசோதினி. "எந்த முகத்தோடை போறது?" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் உதயன்.

யசோதினி தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு, மறுநாளே திரான்சிக்கு வந்து அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர் தாங்கள்.

"நான் சொன்ன சொல்லை முறிச்சு ஓடினவன், ரீச்சர்" என்றார் உதயன், நிமிர்ந்து பாராமல்.

"பாட்டைப் பாதிதான் படிச்சிருக்கிறீர்" என்றீர்கள். "சத்தியம் ரண்டு பக்கமும் எல்லே? தலைவன் குடுக்கவேணும், காக்கவேணும். உம்மடை காட் முடியப்போகுதோ எண்டு நான் ஒருக்காலும் கேக்கேல்லை. வாக்கை மட்டும் வாங்கிப்போட்டு இருந்திட்டன். முதல் ஓடினது நான்தான். வெளிக்கிடும், பாடநிலையத்துக்குப் போவம்."

உதயன் விம்மி அழுதார். பிறகு வெளிக்கிட்டார். ஒரு வாரத்தில் எம் பாடநிலையத்திலேயே முழுநேர ஒப்பந்தம் கிடைத்தது. உரிய காலத்தில் அட்டையும் வந்தது.

ஒப்பந்தத்துக்கான அந்த மணித்தியாலங்கள் எங்கிருந்து வந்தன என்று நாங்கள் கேட்கவில்லை. அதே மாதம் தங்களுக்கு முழங்கால் நோ என்றீர்கள். இனிச் சனிக்கிழமை மட்டும்தான் வரமுடியும் என்றீர்கள். சுபாங்கி ஆசிரியை எண்ணெய்ப் போத்தலோடு ஓடிவந்தார். சனிக்கிழமைகளில் மட்டும் நோகாத அந்த முழங்காலை ஐந்து ஆண்டுகளாக நம்பிய எங்கள் அறிவை என்னவென்பது! இந்த மடலுக்காகத் தங்கள் பணிவிவரம் கேட்டுப் போன உதயனிடம், மார்க்கண்டு அவர்கள் அந்த ஆண்டு வகுப்பு நேரசூசியை எடுத்து வைத்தார். உதயனின் புதிய வகுப்பு ஒவ்வொன்றிலும், அவர் பெயருக்கு மேலே தங்கள் பெயர் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய கையெழுத்தும் தங்களுடையதே.

செய்தி வெளிவந்ததை அறிந்து உதயனைக் கூப்பிட்டீர்கள். "மடலிலை என்னத்தை வேணுமெண்டாலும் எழுதும். உந்த விசயத்தை மட்டும் எழுதக்கூடாது" என்றீர்கள். "ஓம் ரீச்சர், எழுதமாட்டன்" என்று அவரும் வாக்குத் தந்தார்.

பெருந்தகையே! கொடுத்தும் காத்தும் தலைமைக்குப் பொருள் தந்தவரே! முழங்கால் மெய்யாகவே நோகாமல், முகத்தில் சிரிப்பு மாறாமல், பேரப்பிள்ளைகளோடும் பெற்ற புகழோடும் நெடுங்காலம் நலமாய் வாழ்க!

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். இதை எழுதியவர் உதயன். தங்களுக்குக் கொடுத்த வாக்கை அவர் மீறுவது இது இரண்டாம் தடவை. இம்முறை அவர் எங்கும் ஓடிவிடவில்லை. தங்கள் கண்முன்னே நின்று, இதை வாசித்துக்கொண்டிருக்கிறார்.

என்றும் தங்கள் தோழர்கள்,
ஆசிரியர்களும் பணியாளர்களும்,
மாலைப் பாடநிலையம், லா சப்பல், பாரிஸ்