ஆத்தாளும் வந்தா

இந்த வயதிலும் எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், பாவம், அன்றைக்கு அவர் காதில் சரியாக விழுந்திருக்காது என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசக்கூடும். எல்லாம் தெளிவாகத்தான் விழுந்தது.

நான் இருபத்தாறு வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். சாட்சிகள் தமிழில் சொல்வதை வெள்ளைக்கார ஜட்ஜ் துரைக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொல்லும் வேலை. என் பேரில் ஒரு பிராது வந்ததில்லை.

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மல்லசமுத்திரத்து ராசப்பன், இறந்துபோன தன் தம்பியின் மகளைத் தன் பொறுப்பில் விடவேண்டும் என்று மனுப் போட்டிருந்தார். எதிர்த்து நின்றவள் பிள்ளையைப் பெற்ற சௌந்திரம். புருஷன் போன மூன்றாம் வருஷம் அவள் அணை வேலை மேஸ்திரி பெரியசாமியைக் கட்டிக்கொண்டு, பிள்ளையோடு மேட்டூர் போய்விட்டாள். மறுபடி தாலி கட்டிக்கொண்ட தாயிடமிருந்து பிள்ளையைக் கேட்க, இறந்தவனின் உறவுக்காரர்களுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனாலும் பிள்ளையின் நலனைப் பார்த்துத்தான் தீர்ப்பு. விவரம் தெரிந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம். பாவாயிக்கு எட்டு வயது.

ராசப்பனுக்குத் தோட்டமும் கிணறும் நாலு எருமையும் இருந்தன. மேட்டூரில் தகரக் கொட்டகை. பாறைக்கு வெடிவைக்கிற சத்தம். வருஷத்துக்கு ஒருதரம் காலரா. நான் இதையெல்லாம் எடைபோட்டுப் பார்த்தேன். எடைபோடச் சம்பளம் வாங்குகிறவர் வேறு ஒருவர் என்பது எனக்குத் தெரியும்.

துரை எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே நாங்கள் மூன்று பேர். பாவாயி நாற்காலியில் உட்காராமல் என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துரைக்குப் பரீட்சைக்காகப் படித்த தமிழ் தெரியும். இந்தப் பக்கத்துப் பேச்சு பிடிபடாது. அவர் கேட்டதை அவளிடம் கேட்டேன்.

"பெரியப்பா ஊட்டுக்குப் போறியா, சாமி?"

கொஞ்சம் யோசித்தாள். "ஆத்தாளும் வந்தாப் போறேனுங்க."

துரை என்னைப் பார்த்தார். போகிறேன் என்கிறாள் என்று சொன்னேன்.

அவள் சொல்லாத எதையும் நான் சொல்லவில்லை. துரை நல்ல மனுஷர். நிச்சயமாகவா என்று இன்னொரு முறை கேட்கச் சொன்னார். "நெசமாத்தான் சொல்றியா?" என்று கேட்டேன். "ஆமாங்க" என்றாள். அதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

தீர்ப்பு வந்தது. வராந்தாவில் ராசப்பன் அவள் கையைப் பிடித்தபோது அவள் என்னிடம்தான் கேட்டாள். "ஆத்தாளும் வருதுங்களா?"

"பின்னால வரும். நீ போ, சாமி."

அதனால் அழாமல் போனாள். தன் பிள்ளை அழாமல் வண்டி ஏறுவதைச் சௌந்திரம் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராசப்பன் பாவாயியை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மூன்றாம் மாதம் சங்ககிரி சாலையோரத்துக் கிணறு ஒன்றில் அவள் உடல் மிதந்தது. தண்ணீர் குடிக்க இறங்கியிருக்க வேண்டும். போலீஸ் காகிதங்கள் மொழிபெயர்ப்புக்கு என் மேஜைக்கே வந்தன. காளியப்பன் என்ற வண்டிக்காரனின் வாக்குமூலம் அவற்றில் இருந்தது. "ஒரு புள்ள தனியா வந்துதுங்க. மேட்டூருக்கு இப்பிடியே போலாமுங்களான்னு கேட்டுது. எங்காத்தா இன்னும் வரலீங்க, நானே போயிக் கூட்டியாரேன்னு சொல்லுச்சு. ஊட்டுக்குத் திரும்பிப் போ சாமின்னு சொல்லிட்டு வந்துட்டேனுங்க."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

காரியம் முடிந்த பிறகு சௌந்திரம் கோர்ட்டுக்கு வந்தாள். விளையாடப் போய் விழுந்துவிட்டாள் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். என் மேஜைக்கு எதிரே நின்றாள்.

"ஏனுங்க, அன்னைக்கு உள்ள நீங்கதானுங்க இருந்தீங்க. எம்புள்ள என்ன சொன்னா?"

அந்தக் காகிதம் இழுப்பறையில்தான் இருந்தது. பெரியப்பாவோடு போகிறேன் என்று சொன்னாள் என்றேன்.

"என்னையத் தேடலீங்களா?"

"இல்லையம்மா."

தலையை ஆட்டினாள். "அப்ப அங்க சந்தோசமாத்தான் இருந்திருப்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அறையில் நான் விழுங்கிய இரண்டு சொற்களுக்காவது ஒரு காரணம் சொல்லலாம். இந்த "இல்லையம்மா"வுக்கு என்னிடம் காரணம் கிடையாது. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அது வந்து நிற்கிறது.

பிள்ளையின் நலனுக்காகச் செய்தேன் என்றுதான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று காலை, வழக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால், பெரியசாமி ஏதோ சொல்ல, சௌந்திரம் குங்குமம் துலங்கச் சிரித்ததைப் பார்த்தேன். என் வீட்டில் என் தங்கை சாரதாமணி இருந்தாள். பத்தொன்பது வயதில் தாலியறுத்து வந்தவள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று என்னிடம் வந்தார். அவளைக் கேட்டேன். "உங்களுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம், அண்ணா" என்றாள். அவளுக்குச் சம்மதமில்லை என்று வாத்தியாரிடம் சொல்லியனுப்பினேன். இரண்டாம் தாலி யாருக்கும் நிலைக்காது என்று அவளிடம் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தேன். சௌந்திரம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சிரித்தபடியே மேட்டூருக்கு வண்டி ஏறியிருந்தால், நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

வாத்தியார் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் ஏன் திரும்பி வரவில்லை என்று சாரதாமணி ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் எனக்குச் சோறாக்கிப் போடுகிறாள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளையாவது ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கிறேன்.