தொட்டில் பார்க்க அனுப்பிய ஷபீ பாய்க்கு

மூன்றாம் லைனின் முதல் குரலே! மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே முப்பத்தாறு தையல் மிஷின்களை முடுக்கியவரே! முப்பத்தோர் ஆண்டுகள் இந்த ஆம்பூர் ஷூ கம்பெனியில் உழைத்து இன்று ஓய்வு பெறும் சூப்பர்வைசர் ஷபீ அஹமது அவர்களே! வணக்கம், சலாம்.

உங்களைப் பொறுமைக் கடல் என்று எழுதினால் லைனே சிரிக்கும். கத்தியிருக்கிறீர்கள். தையல் கோணினால் ஷூவின் மேல்தோலை மேசைமேல் வீசி எறிந்திருக்கிறீர்கள். ஆகவே பட்டங்களை விட்டுவிட்டு, நம் லைனில் தைக்கும் மேகலாவுக்கு நடந்ததை மட்டும் படிக்கிறோம். படிக்கச் சொன்னதும் அவள்தான். நாளை முதல் நீங்கள் தனியாக இருக்கப்போவதை நினைத்தால் அவளுக்குப் பயமாக இருக்கிறது. எங்களுக்கும்தான்.

மூன்று வருடத்துக்கு முன் மேகலாவின் தம்பி நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்தான். காரியம் முடிந்து வேலைக்கு வந்தவளுக்குக் காலை மணி அடித்ததும் மூச்சு அடைக்கும். கன்வேயர் நகரும், கை நகராது. கேட்டவர்களிடம் கேஸ் டிரபிள் என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி, தொழிலாளர் மனநலத்துக்கென்று ஆலோசகர் ஷர்மிளாவை வேலூரிலிருந்து வியாழன்தோறும் வரவழைத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் அவரை, எல்லோரும் வருகை பதியும் டைம் ஆபீஸுக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அறையில், பெரிய போர்டு மாட்டி உட்கார வைத்தார்கள். எட்டு வாரம் ஒருவரும் போகவில்லை. மேகலா ஒருநாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததற்கே கேன்டீனில் ஆஃப்ரீன் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா மேகலா, கண்ணாடி ரூமுக்கா? அப்டியே பாகாயம் பஸ்ஸு ஏறிடுவியா?"

பாகாயத்து மனநல ஆஸ்பத்திரியைத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். மேகலாவும் சிரித்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதை நீங்கள் பார்த்தீர்கள். மறுநாள் காலை மேனேஜர் புகழேந்தியின் முன் போய் நின்றீர்கள்.

"சார், அங்க குந்துனா ஊரே பாக்குது. அந்தம்மாவ, கொழந்தைங்கள வுட்டுட்டு வர்ற கிரெச்சுல குந்த வைங்க. கொழந்தைக்குப் பால் குடுக்கப் போறவ, தூங்குதான்னு பாக்கப் போறவ... யாரு எதுக்குப் போறான்னு எவனுக்குத் தெரியும்?"

"கொழந்த இல்லாதவங்க இன்னா பண்ணுவாங்க, பாய்?"

"அவங்களுக்குக் காரணம் நான் தர்றேன் சார்."

தந்தீர்கள். அடுத்த வியாழன் ஷர்மிளா கிரெச்சில் வந்து உட்கார்ந்ததும், லைன் முழுக்கக் கேட்கக் கத்தினீர்கள்.

"மேகலா, கிரெச்சுல தொட்டில் ஸ்க்ரூ லூசா கீதாம். போய்ப் பாத்துட்டு வா."

"ஸ்க்ரூவப் பத்தி எனக்கு இன்னா பாய் தெரியும்?"

"தெரியாதுன்னா நிதானமா பாரு. அரை மணி ஆனாலும் பரவால்ல."

முதல் வாரம் அவள் உண்மையிலேயே ஸ்க்ரூக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம், தொட்டில் கம்பியைப் பிடித்தபடி, தம்பியின் பெயரை ஷர்மிளாவிடம் சொன்னாள். வீட்டில்கூட அவள் சொல்லாதிருந்த பெயர் அது. மணிக்கு எத்தனை ஜோடி என்று எழுதும் போர்டில் அவள் எண்ணிக்கை குறையக் கூடாதென்று அந்த அரை மணியும் நீங்கள் அவள் மிஷினில் உட்கார்ந்து தைத்தீர்கள். அதில் பதினோரு ஜோடியைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லாவிட்டால் மடல் பொய்யாகிவிடும்.

ஷர்மிளா சொன்னபடி நிர்வாகம் மேகலாவை மூன்று மாதம் நூல் வெட்டும் மேசைக்கு மாற்றியது. தேவைப்பட்ட நாளில் அரைநாள் விடுப்பும் கொடுத்தது. இன்று அவள் மறுபடியும் மிஷினில் இருக்கிறாள். அவளுக்குப் பின் எத்தனையோ பேர் தொட்டில் பார்க்கப் போனோம். ஆஃப்ரீனும் போனாள். அந்தத் தொட்டில்களில் ஒரு ஸ்க்ரூகூட லூசாக இருந்ததில்லை.

ஆனால் நீங்கள் ஒருமுறையும் போகவில்லை, பாய்.

சென்ற ரம்ஜானுக்கு முன் உங்கள் மனைவி சைரா அம்மா காலமானார். நாலாம் நாளே லைனுக்கு வந்தீர்கள். அதன்பின் நீங்கள் கத்தவில்லை. கோணல் தையலைக் கையில் எடுத்துப் பார்த்து வைத்துவிட்டுப் போகிறீர்கள். திறந்த டிபனை அப்படியே மூடுகிறீர்கள். மேகலா மூன்று முறை உங்களிடம் பேச வந்தாள். மூன்று முறையும் நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்லித் திரும்பினாள். தொட்டில் பார்க்கப் போங்கள் என்று சூப்பர்வைசரிடமே எப்படிச் சொல்வது? பழைய கத்தல் என்றைக்காவது திரும்ப வருமென்று காது வைத்தபடியே இத்தனை மாதம் தைத்தோம். திங்கட்கிழமை முதல் காது வைக்கவும் வழியில்லை.

நூறாண்டு வாழ்க என்று சொல்வது எளிது. நீங்கள் எத்தனை ஆண்டு இருந்தாலும் அவை உங்களுக்குப் பாரமாகாமல் இருக்கட்டும். உடலில் தெம்பும், சோற்றில் ருசியும், வாயில் பழைய கோபமுமாக நீண்ட நாள் இருங்கள்.

கடைசியாக ஒரு வேலை. மேனேஜர் உங்கள் பெயருக்கு கேட் பாஸ் போட்டிருக்கிறார். வியாழன்தோறும் செல்லும். காரணம் என்ற இடத்தில் 'கிரெச் தொட்டில் பழுது' என்று எழுதியிருக்கிறார். வரும் வியாழன் பதினோரு மணிக்கு மேகலா கேட்டில் நிற்பாள். உங்களுக்கு ஸ்க்ரூவைப் பற்றி நன்றாகத் தெரியும். ஆனாலும் நிதானமாகப் பாருங்கள், பாய்.

இப்படிக்கு,
மூன்றாம் லைன் தொழிலாளர்கள்,
ஆம்பூர்.