முறத்தின் பூட்டுக் கம்பி

மேலே எழுதியிருக்கும் பெயரும் விலாசமும் என்னுடையவை. எனக்கு வயது அறுபத்தொன்று. கணவர் காலமாகிவிட்டார். பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட்டு உறை தைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எனக்கு இரண்டு மகன்கள். பெரியவன் சரக்கு வேன் ஓட்டுகிறான். சின்னவன் வண்டிகளுக்கு நம்பர் எழுதும் கடை வைத்திருந்தான். இறந்துபோனது சின்னவன். பெரியவனின் மனைவியான என் மருமகள் லாரி ஏர் பிரேக் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். இந்த வழக்கில் காவலில் இருப்பது அவள். நாங்கள் நால்வரும் ஒரே வீட்டில், ஒரே சமையலில் இருந்து வந்தோம். சின்னவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

ரோபோ சண்டை என்று ஒரு போட்டி உண்டு. சுவர் வைத்த களத்துக்குள் இரண்டு இயந்திரங்களை விட்டு, வெளியில் நின்று ரிமோட்டால் ஓட்டுவார்கள். கவிழ்ந்து எழ முடியாததும் சுவரைத் தாண்டி விழுவதும் தோற்றதாகக் கணக்கு. இந்தப் பைத்தியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது பெரியவன்தான். முன்பக்கம் தகடு சுழலும் ஒரு இயந்திரத்தைச் செய்து அதற்கு ரம்பம் என்று பேர் வைத்திருந்தான். மருமகளையும் போட்டிக்குக் கூட்டிப்போய்ப் பழக்கியவன் அவன்தான். அதன் பிறகு மருமகள் தனியாக ஒன்று செய்ய ஆசைப்பட்டாள். “வெட்டுறது எதுக்கு அத்தை? அடியில போய் ஒரு எத்து எத்துனா அது தானா மல்லாந்துரும்” என்று என்னிடம் சொன்னாள்.

அதன் பிறகு அவள் என்னுடைய துணி வெட்டும் மேசையில் அட்டையை வெட்டி, குண்டூசி குத்தி, கை எப்படி எழும்ப வேண்டும் என்று பல நாள் அசைத்துப் பார்த்தாள். பின்பக்கத்து அறையில் இருந்த என் தையல் மிஷினைக் கூடத்துக்கு மாற்றி அந்த அறையை அவளுக்குக் கொடுத்தேன். சின்னவன் கடை அடைத்ததும் வந்து தகடு வெட்டிக் கொடுப்பான். இயந்திரத்தின் முன்முனை தரையை ஒட்டிச் சரிவாக இருக்கும். அதற்கும் தரைக்கும் நடுவில் என் தையல் ஊசிகூட நுழையாத அளவுக்கு அரம் போட்டு இழைத்தாள். மேலே பின்பக்கம் கீல் வைத்த இரும்புக் கை, அதற்கு அடியில் அதை உதைத்துத் தூக்கும் சிலிண்டர். தீயணைப்புக் கருவியில் இருப்பது மாதிரியான சிறிய கேஸ் பாட்டிலில் இருந்து அதற்கு அழுத்தம் போகும். முதலில் செய்த கை முறிந்துவிட்டது. அடுத்தது எதிரியைத் தூக்குவதற்குப் பதிலாகத் தானே குட்டிக்கரணம் போட்டது. சிலிண்டரை முன்னால் தள்ளி வைத்த பிறகுதான் சரியாக வந்தது. மணல் மூட்டையை வைத்துப் பார்த்தபோது மூட்டை கூரையில் இடித்துக் காரை உதிர்ந்தது. அப்போது சின்னவன், “அண்ணி, இது ரோபோ இல்ல, முறம். என்னமா புடைச்சுப் போடுது” என்றான். அதிலிருந்து அதற்கு முறம் என்றே பேர்.

பாதுகாப்பு பற்றி அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். பாட்டிலைத் திறக்கும் முன் கைக்குக் குறுக்கே ஒரு பூட்டுக் கம்பியைச் செருக வேண்டும். கம்பி இருக்கும்வரை கை எழும்பாது. களத்துக்குள் வைத்த பிறகுதான் அதை உருவ வேண்டும். மருமகள் செய்தது கட்டைவிரல் கனத்தில் கெட்டி இரும்புக் கம்பி. சின்னவன் அதற்குச் சிவப்பு பெயிண்ட் அடித்தான். கண்ணில் படாமல் போகக்கூடாது என்று மருமகள் கேட்டதால், மிச்சமிருந்த சிவப்பு சீட்டுத் துணியில் ஒரு பட்டை வெட்டி, கம்பியின் முனையில் சுற்றி, இரட்டை நூலில் நானே தைத்தேன். “காத்துக்குக் கண்ணு கிடையாது, அண்ணின்னும் பாக்காது கொழுந்தன்னும் பாக்காது” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் கம்பி போடாமல் பாட்டிலைத் திறந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஒரு கிடங்கில் நடந்த பயிற்சிப் போட்டிக்கு எல்லோரும் போனோம். சீட்டுக் குலுக்கியதில் முறமும் ரம்பமும் எதிரெதிராக வந்தன. முறம் நேராகப் போய் ரம்பத்தின் அடியில் நுழைந்து ஒரே தூக்கில் சுவருக்கு வெளியே எறிந்துவிட்டது. ரம்பம் தலைகீழாக விழுந்து, தகடு தரையில் உரசிக் கத்திக்கொண்டு கிடந்தது. பெரியவனின் கூட்டாளி ஒருவன், “என்னடா, வீட்டுலயும் இப்படித்தான் தூக்கிப் போடுறாங்களா?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது பெரியவன்தான். திரும்பி வரும்போது மருமகள், “உங்க ரம்பத்துக்கு அடியில தகடு வெச்சுத் தர்றேன், அப்புறம் யாராலயும் தூக்க முடியாது” என்றாள். பெரியவன் “தேவையில்ல” என்றான். அதன் பிறகு அவன் பின்பக்கத்து அறைக்குப் போகவில்லை. ரம்பத்தைச் சாக்குப் போட்டு மூடி மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டான்.

சம்பவத்தன்று காலையில் மருமகளும் சின்னவனும் வேலைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் பெரிய போட்டி. பெரியவன் வேன் எடுக்கவில்லை. நான் சமையல் செய்துகொண்டிருந்தபோது பின்பக்கத்து அறையில் இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டது. சோறு வடித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். குளியலறையில் துண்டு காயப்போடும் குழாயைக் கழற்றி, அதில் கம்பி நீளத்துக்கு அறுத்து, மிச்சமிருந்த சிவப்பு பெயிண்டை அடித்துக் காயவைத்திருந்தான். பிளேடால் பழைய கம்பியில் இருந்த என் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தான். “எதுக்குடா அதப் பிரிக்கிற?” என்று கேட்டேன். “மாத்துக் கம்பி ஒண்ணு வேணும்னு அவ கேட்டாம்மா” என்றான். தைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், முடிச்சே போதும் என்றான். எனக்கு அப்போது சந்தேகம் எதுவும் வரவில்லை. கோபம் தணிந்து மறுபடியும் அறைக்குள் வந்துவிட்டான் என்று நிம்மதியாகத்தான் அடுப்படிக்குத் திரும்பினேன்.

அதன் பிறகு பெரியவன் வேனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். சாயங்காலம் மருமகளும் சின்னவனும் வந்து மறுநாளைக்காக முறத்தைச் சரிபார்த்தார்கள். நான் டீ எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். மருமகள் கம்பி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். சிவப்பும் இருந்தது, துணியும் இருந்தது. அதன் பிறகு பாட்டிலைத் திறக்கச் சொன்னாள். சின்னவன் திறந்தான். ரிமோட் அணைத்து மேசைமேல் இருந்தது, அவள் கையில் இல்லை. வால்வு பக்கம் உஸ் என்று ஒரு சத்தம் வந்தது. கசிவு எங்கே என்று பார்க்கச் சின்னவன் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்துக் குனிந்தான். “குனியாத, மொதல்ல பாட்டில மூடு” என்று மருமகள் சொன்னது என் காதில் விழுந்தது. “கம்பிதான் இருக்கே அண்ணி” என்று சின்னவன் சொன்னான். அந்த நேரத்தில் லாரி டயர் வெடித்தது மாதிரி சத்தம் வந்தது. கம்பி முறிந்து, இரும்புக் கை எழும்பி அவன் தாடைக்குக் கீழே அடித்தது. அவன் சுவரோரம் விழுந்தான். பிரஷ் மட்டும் பிடி விடாமல் கையிலேயே இருந்தது.

மருமகள் முதலில் பாட்டிலை மூடிவிட்டுத்தான் அவனிடம் ஓடினாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பதாக அதிகாரி சொன்னார். அது உண்மைதான். மூடாமல் ஓடினால் அது இன்னொரு முறை அடிக்கும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதன் பிறகு ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். போலீசார் வந்து வளைந்து முறிந்த குழாயை எடுத்துக்கொண்டு மருமகளைக் கூட்டிப்போனார்கள். பெற்றவள் என்பதால் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பெரியவன் என்னிடம் வந்து, “கேட்டா, அந்தக் கம்பி அவ செஞ்சதுதான்னு மட்டும் சொல்லும்மா. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்” என்றான். அவன் வெளியே போன பிறகு குளியலறைக்குப் போனேன். சுவரில் நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. அதன் பிறகு வீடு முழுக்கத் தேடினேன். பரண்மேல் பழைய திரைச்சீலைக் கம்பிகளோடு ஒரு துணிப்பைக்குள் கெட்டிக் கம்பி இருந்தது. பெயிண்டில் ஒட்டிக்கொண்டு என் இரட்டை நூலின் பிசிறு இருந்தது.

பெரியவன் மத்தியானம் சாப்பிட வந்தபோது கம்பியை மேசைமேல் வைத்தேன். அவன் உட்காரவில்லை. “போட்டி செக்கிங்ல கம்பியத் தட்டிப் பாப்பாங்கம்மா. உள்ள பொள்ளல்னு தெரிஞ்சா ஆட விடாம வெளிய அனுப்பிருவாங்க. அவ்வளவுதான் நெனச்சேன். வீட்டுலயே பாட்டிலத் திறப்பாங்கன்னு நெனக்கல” என்றான். “அந்தக் கம்பிய நம்பித்தானேடா அவ திறக்கறா?” என்று கேட்டேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் அழுதான். அதன் பிறகு, “தம்பி போய்ட்டான். நானும் போய்ட்டா உனக்கு யாரும்மா இருக்கா?” என்றான். சோறு போட்டேன். அவன் சாப்பிட்டான். நானும் சாப்பிட்டேன்.

பெரியவன்மேல் எனக்கு விரோதம் உண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை. எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது முகம் சுளிக்காமல் என்னைக் கழிப்பறைக்குத் தூக்கிப்போனவன் அவன். தம்பியைக் கொல்ல நினைத்தவன் இல்லை என்றும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அதைத் தீர்மானிக்க வேண்டியது கோர்ட்டு என்று அதிகாரி சொன்னார். இருந்தாலும் எழுதச் சொன்னேன், எழுதினார். மருமகளை நேற்று காவலில் பார்த்தேன். தன்னை விடுவிக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. “கம்பி எப்படி அத்தை முறியும்? நான் கணக்குப் போட்டுத்தானே செஞ்சேன்” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பரண்மேல் கிடைத்த கம்பியை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதிலிருக்கும் நூல் நான் தைத்தது என்று அடையாளம் சொல்கிறேன்.

நான் சொன்னதை எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இறந்த நபர் என்று இருந்த இடங்களில் எல்லாம் சின்னவன் என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். பெரியவன்தான் என்னை வேனில் இங்கே கூட்டிவந்தான். தம்பியின் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொள்ளக் கையெழுத்துப் போட வந்திருக்கிறேன் என்று நினைத்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நடுவில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தனுப்பினான். அவனை உள்ளே கூப்பிடும் முன் நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்லிவிட்டேன் என்பதை என் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதிகாரி சம்மதித்தார். போலீஸ்காரர் ஒருவர் வாசலில் நிற்பார் என்றும் சொன்னார்.

இதில் உள்ளவை யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் நானே சொன்னவை. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் தவிர வேறெதுவும் சேர்க்கவில்லை. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
இறந்தவனுக்கும் வெளியே இருப்பவனுக்கும் தாயார்